பஞ்சநதம் வீட்டு மொலோகா

குடமுருட்டிக் கரையில் நாற்று விடுவதென்றால் பஞ்சநதம்தான். திருவையாற்றுக்குக் கிழக்கே மூன்று ஊருக்கு அவர் கையை நம்பித்தான் தாளடி நெல் நடவு. சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. இரண்டு ஏக்கர் குத்தகை. ஆனாலும் ஐப்பசி பிறந்துவிட்டால் இருபது ஏக்கர்காரர்கள்கூட அவர் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தி, "அண்ணே, நம்ம நாத்தங்கால ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போயிடுங்களேன்" என்று நிற்பார்கள். ஊறவைத்த விதையை ஈரச் சாக்கில் கட்டி வைத்திருக்கும்போது, உள்ளே கையை விட்டுச் சூட்டைப் பார்த்தே, இன்னும் எத்தனை மணி நேரத்தில் முளை எட்டிப் பார்க்கும் என்று சொல்லிவிடுவார். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். வயது ஐம்பத்து நான்கு. பேச்சு குறைவு. நாற்றைப் பற்றிக் கேட்டால் மட்டும் நம்மை விடமாட்டார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் நாற்பது நாற்றைத் தன் கையாலேயே கொன்றார். அதுவும் மனைவிக்காக ஆசை ஆசையாய் வளர்த்த நாற்றை.

பஞ்சநதத்தின் மனைவி ராஜாத்தி ஆறு வருடமாகச் சைப்ரஸில் இருந்தார். எலேனி என்கிற எண்பது வயது அம்மாளைக் குளிப்பாட்டி, சமைத்துக் கொடுத்து, மாத்திரை எடுத்துக் கொடுத்துப் பார்த்துக்கொள்கிற வேலை. மகள் பிரகதீஸ்வரி பன்னிரண்டாவதில் நல்ல மார்க் எடுத்து, மேலே படிக்க வேண்டும் என்றபோது, இரண்டு ஏக்கர் குத்தகை அதற்குத் தாங்காது என்று வீட்டில் மூன்று பேருக்குமே தெரிந்திருந்தது. "நான் வெளிநாடு போறேன்" என்று முதலில் சொன்னவர் பஞ்சநதம்தான். ஏஜென்ட் கேட்டதோ பெண் ஆள். ராஜாத்தி ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. எட்டாம் நாள் இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டே, "சரி, போட்டோ எடுக்கணும்னா எப்ப போறது?" என்றார். அதற்கு முன் அவர் போயிருந்த அதிக தூரம் வேளாங்கண்ணி.

ஊரில் பேசினார்கள். பெண்டாட்டியை அனுப்பிவிட்டு உட்கார்ந்து தின்கிறான் என்றார்கள். பஞ்சநதம் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டார். மகளுக்குத் தலை பின்னத் தெரியாமல் முதல் மாதம் தடுமாறினார். அப்புறம் அவளே, "விடுங்கப்பா, நான் நாத்து இல்ல" என்று சீப்பை வாங்கிக்கொண்டாள். பிரகதீஸ்வரிக்காகத் தாலுகா ஆபீசில் முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்க நான்கு நாள் நின்றார். அவள் கண் பரிசோதனைப் படிப்பை முடித்துப் பட்டம் வாங்கிய நாளில், கல்லூரி அரங்கத்தில் பஞ்சநதம் தனியாக உட்கார்ந்திருந்தார். போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, அது ஆடாமல் இருக்கிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் மேடையைப் பார்க்கவே இல்லை. போனுக்குள்ளே ராஜாத்தி பார்த்தார். கறுப்பு அங்கியில் மகள் மேடையேறியபோது போனிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. திருப்பிப் பார்த்தால், திரை முழுக்க முந்தானைத் துணி.

அன்று மனைவியிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று பஞ்சநதத்துக்குத் தோன்றியது. வாய் வரவில்லை. "சாப்டியா?" என்றார். "ம்" என்றார் ராஜாத்தி. "குளிரா?" என்றார். "ம்." ஆறு வருடமாக இந்த இரண்டு கேள்விதான்.

அந்த நாற்பது நாற்றின் கதை ஒரு பூவில்தான் தொடங்கியது. சைப்ரஸ் போன புதிதில் ராஜாத்திக்கு அங்கே ஒன்றும் ஒட்டவில்லை. பாஷை புரியவில்லை. ஓடி வந்துவிடலாம் என்று துணிப்பையைக்கூட எடுத்து வைத்துவிட்டார். அந்த வாரம்தான் எலேனி அம்மா வீட்டுச் சமையலறைச் சுவரை ஒட்டி ஒரு செடி பூத்தது. ஆள் உயரத்துக்கு ஒரே தண்டு. அடியிலிருந்து நுனிவரை வரிசையாகப் பூ. உள்ளங்கை அகலம், கருஞ்சிவப்பு. பக்கத்தில் போய்ப் பார்த்தால் அசல் வெண்டைப் பூ. நடுவிலே அதே போல மகரந்தக் காம்பு, அதே போல மெல்லிய மடிப்பு. இலையிலும் அதே சொரசொரப்பு. "நம்ம கொல்லை வெண்டைக்குப் பெரியம்மா பொண்ணு மாதிரி நிக்கிதுங்க" என்று போனில் சொல்லிச் சிரித்தார் ராஜாத்தி. போன பிறகு அவர் முதன்முதலாகச் சிரித்தது அன்றுதான். பையிலிருந்து துணியை எடுத்துத் திரும்பவும் அலமாரியில் வைத்துவிட்டதை அப்புறம் ஒருநாள் மகளிடம் மட்டும் சொன்னார். எலேனி அம்மா அதை மொலோகா என்பாராம். பிரகதீஸ்வரி போனில் தேடிப் பார்த்து, இங்கிலீஷில் ஹாலிஹாக் என்றாள். வருடா வருடம் அது பூக்கும்போது படம் வரும். பஞ்சநதம் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார்.

போன ஆவணியில் சேதி வந்தது. எலேனி அம்மாவை அவர் மகள் தன் வீட்டுக்கே அழைத்துப் போகிறார். பங்குனித் தொடக்கத்தில் ராஜாத்தியின் வேலை முடிகிறது. ஒரேயடியாக ஊர் திரும்புகிறார். அதே மாதம் மன்னார்குடிக்கு விடுமுறையில் வந்த ஒரு பெண் மூலம் ஒரு மருந்துக் குப்பியும் வந்து சேர்ந்தது. உள்ளே மொலோகா விதை. சின்னச் சின்னதாய், தட்டையாய், சட்டைப் பொத்தானைப் பாதியாய்ச் சீவினது போல.

"சும்மா போட்டுப் பாருங்க. வந்தா வருது" என்றார் ராஜாத்தி.

சும்மாவா போடுவார் பஞ்சநதம்? அவர் மனதில் ஒரு படம் விழுந்துவிட்டது. வாசல் கேட்டிலிருந்து வீட்டுப் படி வரை இருபத்தைந்து அடி நடைபாதை. அதன் இரண்டு பக்கமும் இருபது இருபதாக மொலோகா. ராஜாத்தி காரை விட்டு இறங்கி, பூவுக்கு நடுவே நடந்து வீட்டுக்குள் வரவேண்டும். அப்படி நடந்து வந்துவிட்டால், தான் வாய் திறந்து ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. சொல்ல நினைத்ததையெல்லாம் பூ சொல்லிவிடும்.

ஐப்பசி முதல் வாரத்தில், ஊருக்கெல்லாம் நெல்விதை ஊறப்போட்ட அதே நாளில், மொலோகா விதையையும் ஒரு டம்ளரில் ஊறப்போட்டார். ஈரத்துணியில் சுற்றி வைத்தார். நாலாம் நாள் வெள்ளையாக முளை. வீட்டுக்குப் பின்னால், அடிபம்புக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் நடுவில், பாய் அகலத்துக்கு மண்ணைப் பொடியாக்கி, தொழு உரம் கலந்து விதைத்தார். மழைக்குத் தென்னங்கீற்று மறைப்பு. நாற்பத்தேழு செடி வந்தது. இருபத்தைந்தாம் நாள் ஒவ்வொன்றும் நாலு இலை, அஞ்சு இலை.

"அப்பா, இத எப்படி நடணும்னு ஒரு தடவ பாத்துடவா?" என்று போனை எடுத்தாள் பிரகதீஸ்வரி. தஞ்சாவூரில் ஒரு கண் மருத்துவமனையில் வேலை. காலை பஸ்ஸுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"நாத்து நடுறதுக்கு நான் போனப் பாக்கணுமா?" என்றார் பஞ்சநதம். "நீ போ. பஸ்ஸு போயிடப் போவுது."

ராஜாத்தியின் தம்பி துரைராசு உதவிக்கு வந்தான். பக்கத்து வீட்டுக்காரன், வாய் அதிகம். மச்சானுக்கு ஒரு கை என்று வந்தவன், நடைபாதையின் இரண்டு பக்கமும் மண்வெட்டியால் கொத்திச் சேறாக்கியிருந்ததைப் பார்த்து வாயைப் பிளந்தான்.

"என்ன மச்சான், வாசல்லயே பொன்னி நடப் போறீங்களா?"

"எந்த நாத்தா இருந்தா என்னடா மாப்ள? வேர் புடிக்கச் சேறு வேணும்ல."

பஞ்சநதம் நாற்றங்காலில் குந்தி உட்கார்ந்தார். நாற்று பறிக்கிற கை நாற்பது வருடமாய் எப்படிப் போகுமோ அப்படியே போயிற்று. அடியோடு பிடி, ஒரு இழு. மண் விடுபடக் காலில் இரண்டு தட்டு. அடிபம்புத் தண்ணீரில் ஒரு அலசு. பத்துப் பத்தாய் வாழைநாரில் கட்டி நாற்று முடியாக்கினார். காற்றில் சாயாமல் இருக்க நுனி இலையைக் கிள்ளிவிட்டார். வழக்கப்படி ஏழு நாற்றை மட்டும் மூலையில் பறிக்காமல் விட்டார். நட்டதில் எங்காவது போய்விட்டால் அந்த இடத்தில் மாற்றி நட எல்லா நாற்றங்காலிலும் கொஞ்சம் விட்டு வைப்பதுதான். பிறகு கயிறு பிடித்து, ஒன்றேகால் அடி இடைவெளியில், பெருவிரலால் சேற்றில் அழுத்தி அழுத்தி நாற்பதையும் நட்டார். விரல்கட்டை ஆழத்துக்குத் தண்ணீரும் நிறுத்தினார்.

மறுநாள் எல்லாம் தலை தொங்கி நின்றது. பஞ்சநதம் கவலைப்படவில்லை. நட்ட பயிர் மூன்று நாள் சோர்ந்துதான் நிற்கும். அப்புறம் பச்சை பிடிக்கும். மூன்றாம் நாள் மஞ்சளாயிற்று. நெல்லும் மஞ்சளாகித்தானே பச்சையாகும்? ஐந்தாம் நாள் தண்டு வழுவழுத்தது.

"மச்சான், பச்ச புடிச்சுதா?" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து துரைராசு கேட்டான்.

"எட்டு நாளாவது வேணும்டா."

"எட்டு நாளா? எனக்குப் பாத்தா பதினாறாம் நாளுக்கு ஆளச் சொல்லி வைக்கலாம்போல இருக்கு."

எட்டாம் நாள் ஒன்றுகூட மிச்சமில்லை. நடைபாதையின் இரண்டு பக்கமும் வெறும் சேறு. அதில் இரண்டு தவளை.

அன்று மாலை ஐந்தரைக்கு ராஜாத்தி வீடியோவில் வந்தார். எலேனி அம்மா மதியத் தூக்கம் போடும் நேரம் அது. "நட்டாச்சுன்னீங்களே, காட்டுங்க, பாப்போம்" என்றார். பஞ்சநதம் "இரு, இரு, இங்க டவர் சரியா இல்ல" என்று வாசலைத் தாண்டி, துரைராசுவின் கொல்லைக்குப் போய், அங்கே மார்பளவுக்கு நின்ற செடியின் முன்னால் போனைப் பிடித்தார். மேலே ஒரு மஞ்சள் பூ வேறு பூத்திருந்தது. துரைராசு பக்கத்தில் நின்று வாயைப் பொத்திக்கொண்டான்.

ராஜாத்தி கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லா வந்திருக்குங்க."

"ஆமா... வந்திருக்கு."

"அந்தக் கீழ் இலைக்குப் பின்னால பாருங்க, ரெண்டு காய் முத்துது. முத்த விடாதீங்க. பறிச்சு நாளைக்கு சாம்பார் வச்சிடுங்க."

துரைராசு தாங்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டான். "அக்கா, மச்சான் என் வெண்டைய ஒன்னோட பூவுன்னு வித்துட்டாரு!" என்று கத்தினான். ராஜாத்தியும் சிரித்தார். பஞ்சநதம் சிரிக்கவில்லை.

"எல்லாம் செத்துப் போச்சு புள்ள," என்றார். "நாப்பதும்."

சிரிப்பு நின்றது. "போனா போவுது, விடுங்க" என்றார் ராஜாத்தி. ஆனால் சொல்வதற்கு முன் கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்தக் கொஞ்ச நேரம் பஞ்சநதத்துக்குப் பொறுக்கவில்லை. போன் வைத்த பிறகும் வெண்டைச் செடி முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். ஊர் நாற்றுக்கெல்லாம் உயிர் கொடுத்த கை, பெண்டாட்டி அனுப்பிய ஒன்றுக்கு மட்டும் கொடுக்கவில்லை.

மூலையில் விட்ட ஏழு நாற்று அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மறுநாள் விடிந்ததும் கீற்றை விலக்கிப் பார்த்தார். ஏழும் நன்றாகவே நின்றன. பத்து நாளில் இலை உள்ளங்கை அளவுக்கு விரிந்திருந்தது. முதலாவதைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தி இழுத்தார். மண்ணுக்குள் "டக்" என்று ஒரு சத்தம். செடி கையோடு வந்துவிட்டது.

பஞ்சநதம் அதன் அடியைப் பார்த்தார். நெல் நாற்றில் இருப்பது போலக் கொத்தாய்ச் சல்லிவேர் இல்லை. ஒரே ஒரு வேர். முள்ளங்கி போல வெள்ளையாய், விரல் தடிமனில், பாதியில் ஒடிந்திருந்தது. கையால் மண்ணைத் தோண்டினார். ஒரு சாண் தோண்டியும் மீதி வேர் முடியவில்லை. அது பாட்டுக்கு நேரே கீழே போய்க்கொண்டே இருந்தது.

அடிபம்புத் திட்டில் உட்கார்ந்துவிட்டார். அவர் பறித்த நாற்பதிலும் இப்படித்தான் ஒடிந்திருக்கும். இரண்டு தட்டு தட்டி, அலசி, நுனியையும் கிள்ளி, சேற்றில் வைத்து, தண்ணீரையும் நிறுத்தி... நெல்லுக்குச் செய்கிற அத்தனை நல்லதையும் செய்திருக்கிறார். ஒவ்வொரு நல்லதும் அதற்குச் சாவு.

பிரகதீஸ்வரி பல் துலக்க வந்தவள் பார்த்தாள். ஒடிந்த வேரை வாங்கிப் பார்த்தாள். "ஆணிவேர்ப்பா. இத எடுத்து நடக் கூடாதாம். மொளச்ச எடத்துலயே விட்ருவாங்களாம்" என்றாள். நட்ட அன்றைக்கே பஸ்ஸில் போனில் பார்த்திருக்கிறாள்; சாயங்காலம் வருவதற்குள் நட்டு முடிந்துவிட்டது.

"தெரிஞ்சுதான் வச்சிருந்தியா?"

"நீங்கதான் 'நீ போ, பஸ்ஸு போயிடப் போவுது'ன்னீங்க."

பஞ்சநதம் தலையைச் சொறிந்தார். "அன்னைக்குக் கேட்ருக்கணும்," என்றார். அவர் அப்படிச் சொல்லி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

மிச்சம் ஆறு. வாசல் அலங்காரம் போயிற்று. அடிபம்புக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் நடுவில், குளிக்கிற தண்ணீர் ஓடுகிற இடத்தில், அவை எங்கே முளைத்தனவோ அங்கேயேதான் இனி. பஞ்சநதம் அந்த இடத்தையே சீர்ப்படுத்தினார். கார்த்திகை மழை விடாமல் அடித்தபோது சுற்றி வரப்பு போட்டு, நெல்லுக்குத் தண்ணீர் நிறுத்துகிறவர் இதற்குத் தண்ணீரை வடிய வெட்டிவிட்டார். இரண்டு செடி அழுகிப் போயின. நான்கு நின்றன. குளிக்கிற தண்ணீரை வேறு பக்கம் திருப்பினார். இலையில் துரு போலப் புள்ளி விழுந்தபோது, அந்த இலைகளைக் கிள்ளிக் கொளுத்தினார். பருத்தியில் வருகிற சிவப்புப் பூச்சி தேடி வந்தபோது வேப்பெண்ணெய் தெளித்தார். மாட்டை அந்தப் பக்கமே கட்டவில்லை. தை முடிகையில் இடுப்பளவு. மாசியில் மார்பளவு. ஒவ்வொன்றுக்கும் மூங்கில் ஊன்றிக் கட்டினார்.

ராஜாத்தியிடம் சொல்லவில்லை. மகளுக்கும் மச்சினனுக்கும் வாய்ப்பூட்டு. பூக்குமா என்று யாருக்கும் தெரியாது. "சிலது முதல் வருசமே பூக்குமாம், சிலது அடுத்த வருசம்தானாம்பா" என்று பிரகதீஸ்வரி பார்த்துச் சொன்னாள். பங்குனி பிறந்தபோது தண்டு முழுக்க வேர்க்கடலை அளவில் பச்சை மொட்டு. பஞ்சநதம் காலையிலும் மாலையிலும் போய் நின்றார்.

"மச்சான், தெனம் உத்துப் பாத்தா வெக்கப்படும். கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க" என்பான் துரைராசு.

"இன்னும் ஒம்போது நாள்தான்டா இருக்கு."

"அக்கா வர்றதுக்கா, பூ வர்றதுக்கா?"

"ரெண்டும் ஒண்ணா வரணும்."

வரவில்லை. பங்குனி பதினோராம் தேதி காலை ஏழு மணிக்குத் திருச்சி விமான நிலையத்திலிருந்து கார் வந்து கேட்டருகே நின்றபோது, நான்கு செடியிலும் மொட்டு மொட்டாகவே இருந்தது. ஒன்றில் மட்டும் பச்சை உறை லேசாய்ப் பிளந்து, உள்ளே ஏதோ நிறம். என்ன நிறம் என்றுகூடத் தெரியவில்லை.

ராஜாத்தி இறங்கினார். இளைத்திருந்தார். காதோரம் நரைத்திருந்தது. பிரகதீஸ்வரி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். துரைராசு பெட்டிகளை இறக்கிக்கொண்டே, "அக்கா, இந்தப் பெட்டில என்ன, எலேனியம்மாவையும் சேத்துக் கொண்டாந்துட்டியா?" என்றான். பஞ்சநதம் நடைபாதையின் ஓரமாய் நின்றார். இரண்டு பக்கமும் வெறும் மண். கூட்டிப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

"வா," என்றார்.

"ம்," என்றார் ராஜாத்தி. "என்னங்க, இப்படிக் கறுத்துப் போயிட்டீங்க?"

"வெயிலு."

கால் கழுவாமல் வீட்டுக்குள் நுழைய ராஜாத்திக்கு மனம் வரவில்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு நேரே பின்பக்கம் நடந்தார். பஞ்சநதம் "இரு, இரு" என்று பின்னாலேயே ஓடினார். அதற்குள் அவர் போய்விட்டார்.

அடிபம்புக்கு ஐந்தடி முன்னால் ராஜாத்தி நின்றுவிட்டார். எதிரே நான்கு மொலோகா. அவர் தலைக்கு மேலே ஒரு முழம்.

பிறகு கிட்டே போய் ஒரு இலையை விரலால் தடவினார். சொரசொரப்பு.

"செத்துப் போச்சுன்னீங்க."

"நாப்பது செத்துப் போச்சு. இது நாலும் நான் புடுங்காம விட்டது." பஞ்சநதம் பம்பின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "ஒனக்கு வாசல்லேருந்து பூவா நிக்கணும்னு நெனச்சேன். நான் நெல்லு மாதிரி புடுங்கி நட்டுட்டேன். இதுக்கு ஆணிவேராம். புடுங்குனா ஒடிஞ்சிடுமாம். எனக்குத் தெரியல."

"சரி, அதுக்கென்ன இப்ப?"

"அதுக்கில்ல." அவர் செடியின் அடியைக் காட்டினார். "அந்த வேர் ஒடிஞ்சத கையில வச்சிப் பாத்தேன் புள்ள. பாத்தப்போ எனக்கு ஒன் ஞாபகம்தான் வந்துச்சு. ஒன்னையும் அப்படித்தானே இங்கேருந்து புடுங்கி அனுப்புனோம். நாலு வார்த்தை பாஷைகூடத் தெரியாம. இந்தச் செடியால அது முடியல, செத்துப் போச்சு. நீ ஒண்ணும் ஆவாம நின்னுட்ட. நின்னதோட இல்ல, பாப்பாவ மேடையில ஏத்திட்ட. எனக்கு... அன்னைக்கே சொல்லணும்னு இருந்துச்சு. நீ இல்லன்னா அவ இல்ல. நானும் இல்ல."

அவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் பம்பை அடிக்கத் தொடங்கினார். தண்ணீர் கொட்டியது. வீட்டுச் சுவர் மறைவில் துரைராசுவும் பிரகதீஸ்வரியும் நின்றிருந்தார்கள்; துரைராசு வாழ்க்கையில் முதன்முறையாக வாயை மூடிக்கொண்டிருந்தான்.

ராஜாத்தி கொட்டுகிற தண்ணீரில் காலைக் காட்டினார். முகத்தைக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

"ஒண்ணும் ஆவாமெல்லாம் இல்லைங்க," என்றார் கடைசியில். "மொத வருசம் அழுவாத நாளு கெடையாது."

"நீ சொல்லவே இல்லையே."

"சாப்டியான்னு கேட்டீங்க, சாப்டேன்னேன். குளிரான்னு கேட்டீங்க, ஆமான்னேன். அழுதியான்னு நீங்க கேக்கலையே." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்ப சொல்லிட்டீங்கள்ல. போதும். தண்ணிய நிறுத்துங்க, செடிப் பக்கம் ஓடுது."

பஞ்சநதம் பதறிப்போய்க் கையை எடுத்தார்.

அன்று அவர்தான் சமைத்திருந்தார். ராஜாத்தி இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "இத யாருங்க ஒங்களுக்குச் சொல்லிக் குடுத்தா? என் ரசத்த விட நல்லா இருக்கு" என்று அவர் சொன்னதை, அடுத்த ஒரு வாரம் வயலில் பார்த்தவர்களிடமெல்லாம் பஞ்சநதம் ஏதாவது ஒரு சாக்கில் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார்.

ஆறாம் நாள் காலை ராஜாத்திதான் முதலில் பார்த்தார். "என்னங்க, ஓடியாங்க!" என்ற கூப்பாட்டில் மாடே மிரண்டது. தண்டின் அடியிலிருந்த முதல் மொட்டு விரிந்திருந்தது. உள்ளங்கை அகலம், ஓரம் வெள்ளை, நடுவே வர வர இளஞ்சிவப்பு, அடியில் ஒரு பச்சை நட்சத்திரம்.

பஞ்சநதத்துக்கு முகம் விழுந்துவிட்டது. "செவப்பு இல்லையே?"

"இல்லதான். எலேனியம்மா வீட்டுல எல்லாம் கருஞ்செவப்பு. பக்கத்து வீட்டுல வெள்ள நிக்கும். தேனீ அங்கயும் இங்கயும் போயிருக்கும்." ராஜாத்தி பூவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இந்த நெறத்த நான் அங்க ஆறு வருசத்துல பாக்கல. இது நம்ம வீட்டுல மட்டும்தான்."

மாலை ஐந்தரைக்கு அவரே வீடியோ போட்டார். எலேனி அம்மா அவர் மகள் வீட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தார். ராஜாத்தி போனைப் பூவுக்கு நேரே காட்டியதும் அந்த அம்மாள் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "மொலோகா! மொலோகா!" என்று கூவினார். அப்புறம் ராஜாத்தி பேசினார். கடகடவென்று, சிரித்துக்கொண்டு, கையை ஆட்டிக்கொண்டு, நடுவில் எதற்கோ அந்த அம்மாளைச் செல்லமாய் அதட்டிக்கொண்டு. பஞ்சநதம் ஒரு வார்த்தையும் புரியாமல் பக்கத்தில் நின்றார். தன் மனைவி இன்னொரு பாஷை பேசி அவர் கேட்டதில்லை. வேளாங்கண்ணிக்கு அந்தப் பக்கம் போகாத ராஜாத்தி அதை எப்போது, எந்த அடுப்படியில் நின்று, எத்தனை பேர் சிரிக்கச் சிரிக்கக் கற்றுக்கொண்டாளோ என்று நினைத்தார். வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை யாரும் கவனிக்கவில்லை. எலேனி அம்மா கவனித்துவிட்டார் போலிருக்கிறது. விரலை நீட்டி ஏதோ கேட்டார்.

"என்ன சொல்லுது அந்தம்மா?" என்றார் பஞ்சநதம்.

"இத வளத்தது யாருன்னு கேக்குறாங்க."

"நீ என்ன சொன்ன?"

"ஒங்க பேரச் சொன்னேன். வாயில நுழையலையாம். இன்னும் கிட்ட வரச் சொல்றாங்க. வாங்க, மூஞ்சக் காட்டுங்க."

பஞ்சநதம் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, மனைவியின் தோளோடு தோளாய், பூவுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.